கறிக்கடைக்காரர் மனைவியின் குரல்

இப்படி என் பக்கத்தில் வந்து உட்கார் கண்ணு. கதவோரம் வேண்டாம், காற்று அடிக்கும். இந்த நாற்காலியில் மெத்தை இருக்கிறது. காதை மட்டும் கொஞ்சம் என் பக்கம் கொடு, ஏனென்றால் இது உரக்கச் சொல்லக்கூடிய கதை இல்லை. கொஞ்சம் அசிங்கமான கதைதான். உனக்குக் கூச்சம் வருகிற இடத்தில் நான் வேகமாகத் தாண்டிவிடுவேன், பயப்படாதே. கட்டின புருஷன் ஒருவன் தன் பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவானா மாட்டானா என்பதுதான் கதை. அதைச் சொல்லி முடிக்காமல் உன்னை எழுந்திருக்க விடமாட்டேன்.

ஷாம் ஷுய் போ சந்தைக்குப் பின்புறம் இரட்டை நிலா தியேட்டர் இருந்த காலம். ஹாங்காங்கில் வெள்ளைக்காரன் கொடியை இறக்க இன்னும் நான்கு வருடம் பாக்கி. நான் அந்தத் தியேட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். சந்தையில் எல்லோருக்கும் நான் டிக்கெட் அக்கா. இருக்கைகளின் படம் அச்சடித்த தாள் என் முன்னால் விரிந்திருக்கும். வருகிறவர்கள் வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவார்கள். நான் அந்தக் கட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு டிக்கெட்டில் எண்ணை எழுதிக் கொடுப்பேன்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் ஒரு படம் வந்தது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று வாசலில் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருந்தோம். ராஜா காலத்துக் கதை. ஆண்களுக்கு வீரியம் கொடுக்கும் லேகியம் விற்கிற ஒரு நாட்டு வைத்தியன், விதவை நடத்துகிற சத்திரத்தில் வந்து தங்குகிறான். லேகியத்தைச் சேவல் தின்றுவிடுகிறது. அப்புறம் அந்த ஊரில் ஒரு கோழிக்கும் நிம்மதி கிடையாது. வைத்தியனும் விதவையும் ஏறிய கட்டில் தரையைப் பொத்துக்கொண்டு கீழ்மாடியில் தூங்குகிற நீதிபதியின் மேல் விழுகிறது. நீதிபதி தன் கால்சட்டையைத் தேடிக்கொண்டு ஊரெல்லாம் ஓடுகிறார்.

படத்தின் பெயரை எந்த ஆம்பிளையும் வாயால் சொன்னதில்லை. "அதுக்கு ஒண்ணு" என்பார்கள். என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் ஓர் இருக்கை காலியாக இருக்கிற இடமாகத் தேடித் தொடுவார்கள். அந்தப் படம் ஓடிய வாரங்களில் என் தாள் பல் விழுந்த வாய் போல இருந்தது. பெண்கள் அப்படியில்லை. மாஜாங் ஆட்டத்தை முடித்துவிட்டு நாலு பேராக வருவார்கள், நாலு இருக்கையும் சேர்த்து வாங்குவார்கள், உள்ளே போய் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார்கள்.

ஏன் அவ்வளவு கூட்டம் என்று கேட்கிறாயா? அந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டாய். ஒரே அறை. திரைக்கு அந்தப் பக்கம் மாமியார், மேல்கட்டிலில் குழந்தை, பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நம் வீட்டு விளக்கு ஆடும். பெண்டாட்டியோடு சிரிப்பதென்றால்கூட வாயில் துணியை வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மத்தியானத்தில் வந்து உட்கார்ந்து, கட்டில் உடைகிற சத்தத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உடம்பைப் பார்க்க வந்தவன் ஒரு தடவையோடு சரி. சத்தத்துக்கு வந்தவன் மறுபடியும் வந்தான்.

ஆனால் ஒருவன் தொடர்ந்து ஐந்து நாள் வந்தான். இரண்டரை மணி ஆட்டம், கடைசி வரிசை, சுவரோரம். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருப்பான். மேனேஜருக்கு மூக்கு வியர்த்தது. "கேமரா ஒளிச்சு வச்சு படத்தைத் திருடுறான், பாரு" என்றார். அடுத்த நாள், "இல்ல, சென்சார் ஆபீஸ்ல இருந்து நம்மளை வேவு பார்க்க அனுப்பியிருக்காங்க" என்றார். டார்ச் அடித்து உட்கார வைக்கிற பையனை விட்டுக் கவனிக்கச் சொன்னார். அவன் வந்து சொன்னது இன்னும் விநோதம். "அந்த ஆள் படத்தையே பாக்கல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு இருக்கார். எல்லாரும் சிரிக்கிறப்ப அவர் மட்டும் கையால முகத்தை மூடிக்கிறார்."

ஆறாம் நாள் அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு என் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். பார்த்தால், சந்தையில் பன்றிக்கறிக் கடை வைத்திருக்கிற ஷெக் பிங்! ஏழு வருடமாக நான் அவனிடம்தான் விலா எலும்பு வாங்குகிறேன்.

"பின்வரிசை ஓரம்தானே? வாப்பா, எழுதித் தரேன்" என்றேன்.

"டிக்கெட் வேணாம் அக்கா. உங்க காது நல்லாக் கேக்குமா?"

"நீ தராசுல கட்டை விரலை வைக்கிற சத்தம்கூடக் கேக்கும்."

அவன் சிரிக்கவில்லை. "என் வீட்டுக்காரி குரல் உங்களுக்கு நல்லாத் தெரியுமில்ல?"

யூன்லாயின் குரல் எனக்குத் தெரியாதா? காலையில் கடையில் நின்று கூவுவாள். சந்தையே அவள் குரலில்தான் விழிக்கும். குழந்தை அழுதால் அவள் பூனை மாதிரிப் பேசுவாள், குதிரை மாதிரிக் கனைப்பாள். அந்தத் திறமையால்தான் ஒரு குரல் பதிவுக் கூடத்தில் வேலை கிடைத்தது. டிவியில் வரும் ஜப்பான் கார்ட்டூனுக்குப் பேசுகிறாள், முயல்குட்டியாக, என்று பிங்கே எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறான்.

"உள்ள போய் அந்த விதவையைக் கேளுங்க. பார்க்க வேணாம், கேளுங்க" என்றான்.

கண்ணாடிக்குப் பின்னால் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். கண்ணை மூடிக்கொண்டேன். திரையில் இருந்தது மெலிந்த ஒரு நடிகை. பேசியது யூன்லாய். சந்தேகமே இல்லை. மூச்சு வாங்கியதும் அவள்தான், "ஐயோ மெதுவா" என்றதும் அவள்தான், அதற்குமேல் நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. பிறகு அந்த இடம் வந்தது. வைத்தியன் மேலங்கியைக் கழற்றிவிட்டு மார்பை நிமிர்த்தி நிற்கிறான். விதவை அவனை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "இது இன்னிக்கு வெட்டினதா, நேத்து மிச்சமா?"

தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது கண்ணு, பொய் சொல்வானேன்.

வெளியே வந்தபோது பிங் டிக்கெட் கிழிக்கிற இடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"சொல்லுங்க."

"அவ குரல் மாதிரி இருக்கு."

"மாதிரியா?"

"அவ குரல்தான்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்த வார்த்தையைக் கேட்டீங்களா? எல்லாரும் சிரிச்சாங்களே, அது. படத்துல அவன் வைத்தியன். வைத்தியனைப் பார்த்து யாராவது இன்னிக்கு வெட்டினதான்னு கேப்பாங்களா? அது என் வீட்டு வார்த்தை அக்கா. கல்யாணம் ஆன புதுசுல, அவளும் நானும்..." காது இரண்டும் அவன் கடையில் தொங்குகிற ஈரல் நிறத்துக்குப் போய்விட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. படுக்கையில் அவன் கறிக்கடைக்காரன், அவள் வாடிக்கைக்காரி. புருஷன் பெண்டாட்டி விளையாட்டு. அது எப்படி ஊர் முழுக்க ஒலிக்கிற படத்துக்குள் போனது?

"வேற ஒருத்தன்கிட்ட அதைச் சொல்லியிருக்கா" என்றான் பிங். "வைத்தியனுக்குக் குரல் கொடுக்கிறவன் மூச்சும் இவ மூச்சும் ஒண்ணா கேக்குது பாருங்க, அவன்தான். இன்னும் இருக்கு. அவ முழங்கை உள்பக்கம் சிவப்பா கன்னிப்போன தடம். ரெண்டு நாள்ல ஆறும், மறுபடி வரும். கேட்டா கொசுங்கறா. புதன்கிழமை ஆனா கடையிலேர்ந்து தோலோட ஒரு துண்டு வயித்துக்கறி எடுத்துட்டுப் போறா. ரெண்டு கை அகலத்துக்கு இருக்கும். வீட்டுக்கு ஒரு துண்டு வந்ததில்ல. யாரை உக்கார வச்சு ஊட்டுறா?"

இந்தக் கணக்கை அவன் பல நாள் தனியாகப் போட்டிருக்கிறான் என்று தெரிந்தது. ஒவ்வொன்றும் மற்றொன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நானும் மடக்க முயன்றேன், முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு மாடி ஹோட்டல்ல பேசி முடிக்கப் போறேன். அவ அண்ணனை வரச் சொல்லியாச்சு. கூட்டிட்டுப் போயிடட்டும். குழந்தை எங்கம்மாகிட்ட இருக்கட்டும். நீங்க வந்து கேட்டதைச் சொல்லணும்."

"என்னை ஏம்பா இதுல இழுக்கிற?"

"என் காது எனக்கு எதிரியா ஆயிடுச்சு அக்கா. நம்பகமா ஒரு காது வேணும்."

மறுநாள் காலையில் எலும்பு வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். பிங் கிடங்குக்குப் போயிருந்தான். யூன்லாய் கையை மடித்துவிட்டுக்கொண்டு எலும்பை வெட்டினாள். பார்த்தேன். இடது முழங்கைக்குள், முழு நிலா மாதிரி, சிவந்த வட்டம். கொசு அப்படிக் கடிக்காது.

அவள் வெட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். "டிக்கெட் அக்கா, ஒண்ணு கேக்கணும். சந்தையில நடக்கிறது எல்லாம் உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் தினம் மத்தியானம் எங்க போறார்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"சட்டையெல்லாம் அடுத்தவங்க சிகரெட் வாசனை. ஏ.சி. ரூம் வாசனை. கறிக்கடைக்காரருக்கு ஏ.சி. ரூம்ல என்ன வேலை? முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசி வாரக்கணக்காச்சு. அவளை உங்களுக்குத் தெரியும்னா சொல்லுங்க. நான் சண்டை போட மாட்டேன். சும்மா அவ மூஞ்சியைப் பார்க்கணும்."

அவள் வெட்டுக்கத்தியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் சண்டை போடமாட்டாள் என்று தோன்றவில்லை. அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். 'அடி பெண்ணே, அவன் உன் குரலைக் கேட்கத்தான் போகிறான்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சிவப்பு வட்டம் என் வாயை அடைத்துவிட்டது. எலும்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு வைத்த சூப்பில் உப்புப் போட மறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடி ஹோட்டலில் உட்கார இடமில்லாத கூட்டம். ஆவி பறக்கிற கூடைகளை அடுக்கிய தள்ளுவண்டிகளைப் பெண்கள் உருட்டிக்கொண்டு கூவுகிறார்கள். வட்ட மேசையில் பிங். அவனுக்குப் பக்கத்தில் அவன் அம்மா, தலையைப் படிய வாரி, சாவுக்குப் போவது மாதிரி கறுப்புச் சட்டையில். எதிரே யூன்லாய். அவளுக்கு அந்தப் பக்கம் அவள் அண்ணன் ஹோய்மிங், லிஃப்ட் பழுது பார்க்கிறவன், நல்ல பசியோடு வந்திருந்தான். ஐந்தாவது ஆளாக நான். என்னைப் பார்த்ததும் யூன்லாயின் கண் சுருங்கியது. புருஷன் என்னையும் கூட்டி வந்திருக்கிறான் என்றால் அவளைப் பொறுத்தவரை நானும் அவன் கள்ளத்தனத்துக்கு உடந்தை.

பிங் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினான். ஹோய்மிங் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொன்னான். நான் தட்டவில்லை. கிண்ணத்தை மட்டும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"மச்சான், நான் சுத்தி வளைக்க மாட்டேன்" என்றான் பிங். "உங்க தங்கச்சி கார்ட்டூனுக்குப் பேசுறேன்னு போனா. ஆனா அவ குரல் வேற படத்துல வருது. டிக்கெட் அக்கா, சொல்லுங்க."

நான் ஒரு பன்னை முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். மென்று முடிக்கும்வரை யாரும் என்னைக் கேட்கமுடியாது அல்லவா. ஆனால் யூன்லாய் காத்திருக்கவில்லை.

"அக்காவை எதுக்குக் கஷ்டப்படுத்தறீங்க? ஆமா, நான்தான்."

பிங்கின் அம்மா கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சி கீழே விழுந்தது.

"விதவையும் நான்தான். சத்திரத்து வாசல்ல திட்டிக்கிட்டே உக்காந்திருக்காளே ஒரு கிழவி, அவளும் நான்தான். லேகியம் தின்ன சேவல் இருக்கே, அந்தச் சேவலும் நான்தான். கார்ட்டூன் போன வருஷமே நின்னுபோச்சு. அந்தக் கூடத்துல இப்ப வர்றதெல்லாம் இந்த மாதிரிப் படம்தான். அத்தை காதுல விழுந்தா என்ன ஆகும்னு சொல்லல. அதுதான் நான் செஞ்ச தப்பு. வேற என்ன?"

"வேற என்னவா? அந்த வைத்தியன்!" பிங் மேசையைத் தட்டினான். "அவன் மூச்சும் உன் மூச்சும் பக்கத்துல பக்கத்துல கேக்குதே!"

"பக்கத்துலதான் நிப்போம். ஆறு பேருக்கு ஒரே மைக். எடுக்கும்போது படத்துல சத்தமே பதிவு பண்றதில்ல. ஊமைப் படமா எங்ககிட்ட வருது. வாய் அசையறதைப் பார்த்து நாங்க பேசி நிரப்பணும். வைத்தியனுக்குப் பேசறவர் சாங் சார். அம்பத்தெட்டு வயசு. பல் செட்டு. ஒரு கையில சூப் டம்ளரை வச்சுக்கிட்டுத்தான் மூச்சு வாங்குவார். எனக்கு ஸ்வெட்டர், அங்க குளிரும்."

"அப்போ முத்தம்? அதுவும் சூப் டம்ளரா?"

யூன்லாய் நாலு பக்கமும் பார்த்தாள். அப்புறம் இடது கைச் சட்டையை மேலே ஏற்றினாள். முழங்கையை மடக்கி, உள்பக்கத்தில் வாயை வைத்து, ஒரு சத்தம் கொடுத்தாள் பாரு கண்ணு! நீளமாக, ஈரமாக, நடுவில் ஒரு முனகலோடு. பக்கத்து மேசைக்காரர் குதிரைப் பந்தயப் பேப்பரைக் கீழே இறக்கினார். தள்ளுவண்டிக்காரி கோழிக்கால் கூடையைத் தூக்கியபடி அப்படியே நின்றாள்.

"ஒரு படத்துக்கு நாப்பது முத்தம்" என்றாள் யூன்லாய், கையைத் துடைத்துக்கொண்டு. "அடுத்தவன் கன்னத்துலயா கொடுக்க முடியும்? அவங்கவங்க கையிலதான். சாங் சார் கையைப் பாருங்க, என் கையைவிட மோசம்."

முழங்கையில் புதிதாகச் சிவந்துகொண்டிருந்தது. நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

"கறி?" பிங் விடவில்லை. "புதன்கிழமை கறி எங்க போகுது?"

"அதுவும் படத்துலதான் இருக்கு. நீதிபதியைக் குப்புறப் போட்டு அடிக்கிறாங்கல்ல, நாப்பது பிரம்படி? ஒவ்வொண்ணும் உங்க கடை வயித்துக்கறி. தோலோட இருந்து, ஒரு பக்கம் நனைச்சாத்தான் சத்தம் சரியா வரும். ஆட்டுக்கறி வச்சுப் பார்த்தோம், செத்த சத்தம். கட்டில் காட்சியிலயும் அதுதான்."

"அடிச்ச அப்புறம்?"

"சாங் சார் நல்லா வறுப்பார். எல்லாருமா சாப்பிடுவோம்."

ஹோய்மிங்குக்குப் புரையேறியது. சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கு வழியாகத் தேநீர் வந்தது. "மாப்பிள்ளை, உங்க பன்னி சினிமா நடிகனா ஆயிடுச்சு!"

"சிரிக்காதீங்க மச்சான்!" பிங் அவனையும் முறைத்தான், என்னையும் முறைத்தான். "எல்லாரும் வீட்டுல உக்காந்து ஒத்திகை பார்த்துட்டு வந்த மாதிரி இருக்கு. கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி பதில் தயாரா இருக்கு. அம்மா, நீ சொல்லு. இதை நம்பற மாதிரியா இருக்கு?"

அந்த அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, நீதிபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்பத்தெட்டு வயசுங்கறதைத்தான் நம்ப முடியல. கழுத்துல மரு வச்சுக்கிட்டு, அந்த வைத்தியன் என்ன துள்ளுத் துள்ளுறான். முப்பதுக்கு மேல ஒருநாள் சொல்ல முடியாது."

யூன்லாய் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தை," என்றாள் யூன்லாய் மெல்ல, "மருவைப் பத்தி யார் உங்ககிட்ட சொன்னா?"

"யாராவது சொல்லியிருப்பாங்க."

"யாரும் சொல்லல அம்மா" என்றான் பிங்.

"மழை பெஞ்சுது. மாஜாங் முடிச்சுட்டு வரும்போது, ஒதுங்க இடமில்லாம..."

பன்னை விழுங்கிவிட்ட என் வாய் சும்மா இருக்கக் கூடாதா? "ரெண்டு நாளும் மழையா?" என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது. இரண்டு மத்தியானம், அதே நாலு பேர், எட்டாவது வரிசை, ஒருத்தி மட்டும் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு.

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் தேநீர் ஆறிப்போயிருக்கும். பிறகு, தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும், மருமகள் பக்கம் திரும்பினாள். "முதல் நாளே எனக்குத் தெரியும் நீதான்னு. ரெண்டாவது தடவை எதுக்குப் போனேன் தெரியுமா? அந்தக் கிழவிக்காக. என்னை மாதிரியே பேச வச்சிருக்கே. நான் என்ன மூக்காலயா பேசறேன்?" அவள் அதை மூக்கால்தான் கேட்டாள்.

"கிழவிக்கு ஒரு குரல் வேணும்னாங்க அத்தை. வீட்டுல கேக்கிற குரல்தானே வாயில வரும்."

"கூட்டம் சிரிச்சுதே?"

"நல்லா சிரிச்சுது."

"ம்." அவளுக்குக் கோபமா பெருமையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

நான் நினைத்தேன், இதோடு முடிந்தது என்று. தடத்துக்குப் பதில் கிடைத்தது, கறிக்குப் பதில் கிடைத்தது, மூச்சுக்கும் பதில் கிடைத்தது. ஆனால் பிங்கின் முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. தேநீர்க் கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். உண்மையான முள் இன்னும் உள்ளேதான் இருந்தது. அதைத் தன் தாய்க்கு முன்னால் எப்படிக் கேட்பான்?

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றான் கடைசியில். "அந்த வார்த்தை?"

யூன்லாய்க்கு உடனே புரிந்தது. இதுவரை தலை நிமிர்ந்து பேசியவள் முதல் முறையாகக் குனிந்தாள்.

"என்ன வார்த்தை?" என்றான் ஹோய்மிங்.

"நீ சும்மா சாப்பிடு அண்ணா."

"அதை யார்கிட்ட சொன்னே?" பிங்கின் குரல் உடைந்தது. "அந்த ஒண்ணை மட்டும் நிஜமா சொல்லு. சத்தியமா நான் கத்த மாட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லல. அந்த இடத்துல எழுதிக் கொடுத்திருந்த வசனம் சப்புன்னு இருந்துச்சு. அஞ்சு தடவை பேசிப் பார்த்தோம். ஒருத்தருக்கும் சிரிப்பு வரல. வேற ஏதாவது உன் வாய்க்கு வர்றதைச் சொல்லுன்னாங்க. படம் ஓடுது. அவ வாய் அசையுது. எனக்கு அதுதான் வந்துச்சு."

"உலகத்துல வேற வார்த்தையே இல்லையா?"

"நீங்களே சொல்லுங்க, என்னைச் சிரிக்க வச்ச வார்த்தை வேற எது இருக்கு?" அவள் நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் விழவில்லை. "நாலு வருஷமா என்கிட்ட நீங்க பேசறது என்ன? குழந்தை தூங்கிடுச்சா. விளக்கை அணை. அம்மா முழிச்சுக்கப் போறாங்க. அதையும் காதுக்குள்ள காத்து மாதிரி சொல்லுவீங்க. அந்தக் கறிக்கடை விளையாட்டை நான் மறந்தே போயிடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அங்க மைக் முன்னாடி அதைச் சத்தமா சொல்ல முடிஞ்சுது. அவ்வளவுதான்."

வண்டிகள் போய் வந்தன. யாரோ எங்கள் மேசையில் ஒரு கூடை இறால் கொழுக்கட்டையை வைத்துவிட்டுப் போனார்கள். பிங் அதன் மூடியைத் திறந்தான், மறுபடியும் மூடினான்.

"அஞ்சு நாள் உக்காந்து கேட்டேன்" என்றான்.

"அங்கேயா போனீங்க?" அவள் வாய் திறந்தபடியே நின்றது. "அந்த ஏ.சி. வாசனை..."

"அஞ்சு நாளும் அந்த இடத்துல கூட்டம் சிரிச்சுது."

"நீங்க?"

"என்னால எப்படி முடியும்?"

"அதைச் சொன்னா முன்னெல்லாம் நீங்கதான் முதல்ல சிரிப்பீங்க."

பிங் மூடியை எடுத்துத் தள்ளி வைத்தான். தன் தாயின் பக்கம் திரும்பினான். "அம்மா, வர்ற சனிக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கிட்டு உன் மக வீட்டுக்குப் போய் இருந்துட்டு வா."

ஹோய்மிங் குச்சியைக் கீழே வைத்தான். "மாப்பிள்ளை, எனக்குப் புரியல. ஆளைக் கூட்டிட்டுப் போகத்தானே என்னை வரச் சொன்னீங்க?"

"நீங்க சாப்பிடுங்க மச்சான். கோழிக்கால் ஆறுது."

பிங்கின் அம்மா மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "ஒரு நாளா, ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள்னா நல்லது."

"இதைச் சொல்ல உனக்கு நாலு வருஷம்! ராத்திரி ஆனா நான் காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படுக்கிறேன். உங்க பக்கத்துலேர்ந்து ஒரு சத்தமாவது வரணுமே? பஞ்சு வாங்கினதுதான் தண்டம்."

யூன்லாய் பெரிய கொழுக்கட்டையாகப் பார்த்து எடுத்து மாமியாரின் கிண்ணத்தில் வைத்தாள். சாறு கொஞ்சம் மேசையில் சிந்தியது. அந்த அம்மா அதைப் பார்க்காத மாதிரி சாப்பிட்டாள்.

பிங் எழுந்தான், உட்கார்ந்தான். மனிதனின் சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் போய்விடுமா? மனைவி பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கேட்டான்:

"அந்த சாங் சாருக்கு... நிஜமாவே பல் செட்டா?"

யூன்லாய் சிரித்தாள் கண்ணு. மாடி ஹோட்டல் முழுவதும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, வாயில் கையோ துணியோ வைத்துக்கொள்ளாமல். பிங் கூச்சத்தில் நெளிந்தான். அப்புறம் அவனாலும் அடக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

போய் வா கண்ணு. உன் வீட்டில் இருப்பவர்களுக்குள் சந்தேகம் வந்தால், அது முகத்தைப் பார்த்துக் கேட்டுத் தீர்த்துக்கொள்கிற சந்தேகமாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் வரட்டும், குழந்தைகளுக்கு அதைவிட ஆழ்ந்த தூக்கம் வரட்டும். நடுவில் கிடக்கிற உங்கள் இருவருக்கும் வாய்விட்டுச் சிரிக்க ஓர் இடமும் ஒரு பொழுதும் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கட்டும்.